பெங்களூரில் மாணவனின் முதற் பதினைந்து நாட்கள்



ஆண்டுதோறும் வைகாசி ஆனி மாதங்கள் வந்துவிட்டால் எனக்குச் சில கடிதங்கள் வரத் தொடங்கும். அண்மைக்காலத்தில் அவை கைப்பேசிச் செய்திகளாக வருகின்றன. வடிவம் மாறினாலும் வினாக்கள் மாறவில்லை. "எங்கள் பையன் படிக்கப் பெங்களூர் வருகிறான். எந்தப் பகுதியில் தங்கலாம்? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? தமிழ் பேசினால் போதுமா?" என்று உறவினரும், உறவினரின் உறவினரும் கேட்பார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்பவன் என்னும் ஒரே தகுதியால் இவ்வினாக்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்துவிட்டது.

முதலிரண்டு வினாக்களுக்கும் என் விடைகள் அன்றும் இன்றும் ஒன்றே. மூன்றாம் வினாவுக்கு மட்டும் என் விடை மாறிவிட்டது. "தாராளமாகப் போதும், கவலையே வேண்டா" என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். இப்போது அவ்வாறு சொல்வதில்லை. ஏன் மாறினேன் என்பதையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களுக்கும் இதில் கொள்ளத்தக்கது சிறிதளவு இருக்கக்கூடும்.

பெங்களூரில் தமிழ் போதும் என்ற எண்ணம் வெறும் மயக்கம் அன்று. அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் 1809-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த தம் படையை அல்சூர் ஏரியை அடுத்த மேட்டு நிலத்துக்கு மாற்றித் தண்டு ஒன்றை அமைத்தனர். சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஒப்பந்தக்காரரும், வணிகரும், கல்தச்சரும், துணி வெளுப்போரும், சமையற்காரரும் வந்து குடியேறினர். அவர்களுட் பெரும்பாலார் தமிழர். 1864-இல் சென்னை இருப்புப்பாதை இவ்வூரை எட்டியபோது புகைவண்டி வந்து நின்ற இடமும் அத்தண்டே. ஒருபுறம் கெம்பேகௌடர் கண்ட பழைய பேட்டை, மறுபுறம் ஆங்கிலேயரின் தண்டு, இடையில் கப்பன் பூங்கா என ஓர் ஊருக்குள் ஈரூர்கள் இருந்தன. தண்டுப் பகுதி 1947-இல்தான் மைசூர் அரசிடம் திரும்பியது. இரண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தது 1949-இல். அல்சூர், சிவாஜி நகர், ஆஸ்டின் டவுன் முதலிய இடங்களில் இன்றும் தெருவெங்கும் தமிழ் கேட்பதற்கு இதுவே காரணம். தண்டுக்கும் முற்பட்ட தமிழையும் இங்கே காணலாம். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவ்வழி போவோர் ஒரு முறை நின்று பார்க்கலாம்.

ஆதலின், வைகறையில் இரயிலைவிட்டு இறங்கும் மாணவன் முதலிற் கேட்பது பெரும்பாலும் தமிழே. சுமை தூக்குபவர் தமிழில் பேசுகிறார். ஆட்டோ ஓட்டுநர் தமிழில் வாடகை சொல்கிறார். காப்பிக் கடைக்காரரும் இவன் முகத்தைப் பார்த்தவுடன் தமிழுக்கு மாறிவிடுகிறார். "இது நம்மூர் போலத்தானே இருக்கிறது!" என்று அவன் மனம் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியிலேதான் தொல்லையும் தொடங்குகிறது.

என் தமக்கையின் மகன் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கும்பகோணத்திலிருந்து வந்தான். மயிலாடுதுறையிலிருந்து மைசூர் வரும் விரைவு வண்டியில் மாலையில் ஏறி, மறுநாட் காலையில் இங்கே இறங்கினான். பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். கல்லூரி எங்கள் வீட்டுக்கு வெகு தொலைவாதலால், அதன் அருகில் ஒரு வீட்டு மாடியில் அறை பார்த்துக் கொடுத்தேன். கீழ்வீட்டில் உரிமையாளராகிய மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். மேல்மாடியில் மூன்று அறைகள். அவற்றில் தங்கிய ஐவரும் தமிழ்நாட்டு மாணவர்கள். "மாமா, அறையிலும் தமிழ், வகுப்பிலும் பாதிப் பேர் தமிழ். எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று தொலைபேசியிற் சொன்னான். நானும் மகிழ்ந்தேன். அக்காளுக்கும் அப்படியே தெரிவித்தேன்.

அம்மூதாட்டி நாள்தோறும் மாலையில் வாசற்படியில் அமர்ந்திருப்பார். பையன் கல்லூரியிலிருந்து வந்து மாடியேறும்போது, "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்பார். இவன் முதல் நாளே நண்பர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். "கன்னட கொத்தில்ல", அதாவது, கன்னடம் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு விரைந்து படியேறிவிடுவான். நான்கைந்து நாட்கள் அவர் கேட்டார். நான்கைந்து நாட்களும் இவன் அதே விடையைச் சொன்னான். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"ஊட்ட ஆயித்தா" என்றால் "சாப்பாடு ஆயிற்றா" என்பது பொருள். கன்னடியர் மாலையில் ஒருவரையொருவர் கண்டால் நலம் உசாவும் முறை அது. சாப்பிட்டாயா என்று அன்போடு கேட்ட கிழவிக்கு, உம்முடைய மொழி எனக்குத் தெரியாது என்று நாள்தோறும் விடை சொல்லியிருக்கிறான்! அவனுக்கு அது மரியாதைக் குறைவாகவே தோன்றவில்லை. தான் ஏதோ தன்னடக்கமாகப் பேசியதாகவே எண்ணியிருந்தான்.

செப்டம்பரில் விநாயக சதுர்த்தி வந்தது. விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு அறை நண்பர்கள் அனைவரும் ஊருக்குப் போய்விட்டனர். இவனுக்குப் பயணச்சீட்டுக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னவன், நண்பன் ஒருவனோடு இருப்பதாகப் பிறகு செய்தி அனுப்பிவிட்டான். உண்மையில் அவனுக்குக் கடுங்காய்ச்சல். எங்களைக் கலவரப்படுத்தவேண்டா என்று மறைத்துவிட்டான். இரண்டு நாட்கள் மாடியறையில் தனியே கிடந்தான். கீழே பத்துப் படிகளுக்கு அப்பால் ஒரு வீடு இருந்தது; அடுப்பு இருந்தது; வெந்நீர் இருந்தது; கேட்டால் ஓடிவரும் மனமும் இருந்தது. ஆனால் அந்த வாயிலைத் தட்டுவதற்கு அவனிடம் ஒரு சொல் இல்லை.

இவ்விடத்தில் எனக்குக் கணித மேதை இராமானுஜன் நினைவுக்கு வருகிறார். அவரும் கும்பகோணத்துப் பிள்ளையாகவே வளர்ந்தவர். 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையில் கப்பலேறி, ஏப்பிரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்து, கேம்பிரிட்ஜில் டிரினிடிக் கல்லூரியிற் சேர்ந்தார். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கியை அணிந்துகொண்டு சால்வையும் போர்த்தித் தூங்குவதாகவும் இராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குட் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் போதுமான அளவு இருந்தன. ஆனால் அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியிற் செருகிக் கட்டிலைச் சீராக மூடியிருந்தார்கள். கம்பளிகளை விலக்கி அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. கம்பளிகளின்மேலே படுத்துக் குளிரில் நடுங்கினார். அந்த மகலனோபிஸ் பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் கிளை ஒன்று இன்று நம் பெங்களூரிலேயே மைசூர்ச் சாலையில் இருக்கிறது.

எண்களின் உள்ளத்தையே அறிந்தவர் கம்பளியின் உள்ளே போகும் வழியை அறியவில்லை என்று இந்நிகழ்ச்சியைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. புதிய ஊரில் மாணவனை வாட்டுவது பொருளின்மை அன்று. பொருள் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கேட்டுப் பெறும் வாய் திறவாமையே அவனை வாட்டுகிறது.

மூன்றாம் நாட்காலையில் மாடியில் துணி உலர்த்த வந்த மூதாட்டி திறந்திருந்த கதவின் வழியே அவனைக் கண்டார். உடனே கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவன் கைப்பேசியைக் காட்டச்சொல்லி என்னையும் அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அம்மையார் என்னிடம் கன்னடத்திற் சொன்னது இது: "இந்தப் பிள்ளைக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். அதனால்தான் மேலே வந்து பார்க்கவில்லை."

காய்ச்சல் ஒரு வாரத்தில் நீங்கியது. அந்த வாரம் நான் அவனுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்தேன். அதைத்தான் நான் முதல் நாளிலேயே செய்திருக்கவேண்டும்.

தமிழன் கன்னடம் கற்பது பிறமொழி கற்பது போன்றது அன்று. நெடுநாள் பிரிந்த உறவினர் வீட்டுக்குப் போவது போன்றது. சில ஒலிமாற்றங்களை அறிந்துகொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமே முகம் காட்டும். தமிழிற் சொல்லின் முதலில் வரும் பகரம், கன்னடத்திற் பெரும்பாலும் ஹகரமாக ஒலிக்கும். பால் ஹாலு ஆகும். பத்து ஹத்து, பல் ஹல்லு, புல் ஹுல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பெயர் ஹெசரு. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரமாகவே இருந்தன. இடைக்காலத்தில் மெல்ல மெல்ல ஹகரமாயின. பெங்களூரில் எங்கு திரும்பினாலும் ஹள்ளி என்று முடியும் ஊர்ப்பெயர் காண்கிறோமே, அது நம் திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளியின் உடன்பிறப்பு. ஒசூர் என்று நாம் வழங்கும் எல்லையூரும் ஹொஸ ஊரு, அதாவது புத்தூர்.

இனி, தமிழில் வகரம் முதலாக வரும் சொற்கள் கன்னடத்தில் பகரம் பெறும். இங்கே பகரத்தைப் "பலம்" என்னும் வடசொல்லில் ஒலிப்பதுபோல் அதிர்வோடு ஒலிக்கவேண்டும். வா என்பது பா, வாய் என்பது பாயி, வாழை பாளெ, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, விலை பெலெ. மாணவனுக்கு மிகவும் வேண்டிய வாடகை என்ற சொல் பாடிகெ ஆகிறது. வாயில் பாகிலு ஆகிறது. வேண்டும் என்பதற்குப் பேகு. வேண்டா என்பதற்குப் பேட. இந்தப் பேகும் பேடவும் வாய்க்கு வந்துவிட்டால் அங்காடியிற் பாதி வேலை முடிந்தது.

நம் ழகரம் கன்னடத்தில் ளகரமாகிவிடும். ஏழு என்பது ஏளு. பழங்கன்னடத்துக்கும் ழகரம் உண்டு, அதற்குத் தனி எழுத்தே இருந்தது, பின்னர் வழக்கொழிந்தது. தமிழர் மட்டுமே ழகரச் செல்வர் என்று மேடைகளிற் பெருமை பேசுகிறோம். மலையாளிகள் இன்றும் அச்செல்வத்தை இழக்கவில்லை. கன்னடியர் ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பாடத்திட்டத்தில் கன்னடம் அறியாத மாணவர்க்கென்று "பளகெ கன்னட" என்னும் சிறுபாடம் வைத்திருக்கிறார்கள். என் மருமகன் அதைச் சுமை என்று முணுமுணுத்தான். "பளகெ என்றால் என்ன, சொல் பார்க்கலாம்" என்றேன். விழித்தான். பகரத்தை வகரமாக்கி, ளகரத்தை ழகரமாக்கிப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் உதடுகளை அசைத்துவிட்டு, "வழக்கு! வழக்குக் கன்னடமா, மாமா?" என்று துள்ளினான். அன்று முதல் கடைப்பலகைகளைக் கண்டால் விடுவதில்லை. தெருவில் நின்று எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டான்.

சோற்றிலும் இதே உறவைக் காணலாம். புதிதாக வருபவன் முதல் வாரத்தில் தவறாமற் சொல்லும் குறை, "சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள்" என்பது. போடுகிறார்கள்; உண்மை. ஆனால் வீடுகளில் அதன் பெயர் ஹுளி. முன்னே சொன்ன விதியின்படி ஹகரத்தைப் பகரமாக்கினால் அது நம் புளியே. இரசத்தைச் சாரு என்பர்; அது நம் சாறு. தயிரை மொசரு என்பர். இராகி முத்தெ என்பது நம் கேழ்வரகுக் களி. நின்றபடியே உண்ணும் தர்சினிக் கடைகளில் குறைந்த செலவில் காலையுணவு முடித்துக்கொள்ளலாம். வெல்லத்துக்கு நாக்கு ஒரு மாதத்திற் பழகிவிடும். எனக்கு இப்போது ஊருக்குப் போனால் அங்குள்ள சாம்பார்தான் சற்றுக் காரமாகப் படுகிறது. இதை அக்காளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பொருள் மாறி நிற்கும் சொற்களும் சில உண்டு. "மாடி" என்று கன்னடியர் சொன்னால் செய்யுங்கள் என்று பொருள், மேல்தளம் அன்று. வந்த புதிதில், எல்லாரும் ஏன் மாடியைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நான் வியந்தது உண்டு. மரியாதைப் பன்மையையும் முதலிலேயே கற்றுக்கொள்ளவேண்டும். பா என்பது வா. பன்னி என்பது வாருங்கள். கொடு என்பது கொடு. கொடி என்பது கொடுங்கள். மூதாட்டி அவனது அறைக்கு ஒருநாள் வந்தபோது, கற்ற கன்னடத்தைக் காட்டும் ஆர்வத்தில் "பா, பா" என்று வரவேற்றிருக்கிறான் நம் பையன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, "பன்னி அன்னபேகு" என்று திருத்தினாராம். பிழையாகவேனும் பேசினால் இந்நாட்டார் சிரித்துத் திருத்துவார்கள். பேசாதிருப்பவனைத் திருத்துவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.

மற்றை ஏற்பாடுகளைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பெங்களூரில் எத்தனை இரயில் நிலையங்கள் என்பதை முன்னமே அறிந்து, தங்குமிடத்துக்கு அண்மையில் உள்ளதில் இறங்குவது நலம். தண்டு நிலையம் வேறு, மெஜஸ்டிக்கில் உள்ள தலைமை நிலையம் வேறு, 2022-இல் திறந்த விசுவேசுவரய்யா முனையம் வேறு. தனி வீடு எடுப்போரிடம் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். மாணவர் விடுதிகளில் அவ்வளவு கேட்பதில்லை. எதுவாயினும் எழுத்தில் ஒப்பந்தமும் பணத்துக்குச் சீட்டும் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் வாய்ச்சொல்லை நம்பி முன்பணத்தில் பாதியை இழந்தான். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்டிலும் இரவில் போர்வை வேண்டும். அக்டோபர் வரை மழை வரும். குடை இல்லாமல் வரலாகாது. அறையிற் சமைப்போர் இன்னொன்றும் காண்பர். இவ்வுயரத்தில் நீர் நூறு பாகைக்கு முன்னமே, ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின் திறந்த பானையில் அரிசி வேகச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். அரிசியைக் குறைகூற வேண்டியதில்லை.

நீரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்நகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் காவிரியிலிருந்தே வருகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டுக்கு மேட்டாக எந்திரங்களால் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974-இல் முதற்கட்டம் தொடங்கியது. ஐந்தாம் கட்டம் 2024-இல் நிறைவேறியது. குழாய் நீரைக் குடித்துவிட்டு, "இங்கும் காவிரிதானா, மாமா?" என்று கும்பகோணத்துப் பையன் கேட்டான். ஆம் என்றேன். அவன் முகத்தில் ஒரு கணம் தோன்றிய கலக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். காவிரி நீர்ப் பூசலால் 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நகரத் தமிழர் பெருந்துன்பம் அடைந்தனர். 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. மாணவரை அனுப்பும் பெற்றோர் இவற்றை மறந்துவிடவில்லை. நானும் மறைக்க விரும்பவில்லை. 1991-இல் எங்கள் தெருவில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். அந்நாட்களில் பக்கத்து வீட்டுக் கன்னடியர் எங்களைத் தம் வீட்டின் உள்ளறையில் இருக்கச்செய்து, தாம் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவரோடு எனக்குப் பத்தாண்டுப் பேச்சுப்பழக்கம் இருந்தது. அது கன்னடத்தில் நிகழ்ந்த பழக்கம். இதற்குமேல் அதைப்பற்றி நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

அல்சூர் ஏரிக்கரையருகே திருவள்ளுவர் சிலை ஒன்று பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்ததும், 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பட்டதும், நான்கு நாட்களில் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞருக்குச் சிலை எழுந்ததும் பலரும் அறிந்தவை. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அதே பகுதியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது மாணவர் அங்கே போய் நூல்களைப் புரட்டலாம். தாய்மொழியை விடும்படி நான் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் அயலாரோடு பழகிவிட்டு ஏழாம் நாள் தமிழுக்கு வருபவனுக்குத் தமிழின் சுவை கூடுமேயன்றிக் குறையாது.

தமிழ் பேசும் இல்லங்களிற் பிறந்து கன்னடத்துக்கு அணிசெய்தோரை இந்நாட்டார் நன்றியோடு போற்றுகிறார்கள். மாஸ்தி வேங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். கன்னடச் சிறுகதைக்கு அவரே தந்தை எனப்படுகிறார். 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். கைலாசமும் அத்தகையவர். நிலநூல் படிக்க அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்றவர், அங்கே நாடக அரங்குகளில் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பி, மக்கள் பேசும் கன்னடத்திலேயே நாடகங்கள் எழுதினார்.

மாணவராகவே இவ்வூருக்கு வந்த ஒருவரைக் காட்டவேண்டுமானால் இராஜாஜியைக் காட்டலாம். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த அவர், 1890களில் பெங்களூர் மத்தியக் கல்லூரியிற் படித்தார். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது; ஆதலின் சேலம் மாவட்டத்துப் பிள்ளைக்கு அது அயலிடமாகத் தோன்றியிராது. அங்கே அவருக்குக் கிடைத்த தோழர் நவரத்ன இராமராவ். பிற்காலத்தில் ஒருவர் சேலத்தில் வழக்கறிஞராகி நாட்டு விடுதலைப் போரில் இறங்கினார். மற்றவர் மைசூர் அரசின் அதிகாரியாகவும் கன்னட எழுத்தாளராகவும் விளங்கினார். வழிகள் பிரிந்தும் நட்புப் பிரியவில்லை; வாழ்நாள் முழுதும் நீடித்தது.

இந்நகரின் மெட்ரோ இரயிலுக்கு "நம்ம மெட்ரோ" என்று பெயர். 2011 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. அப்பெயரைக் கேட்டுத் தமிழ் மாணவர்கள் தமிழோ என்று மயங்குவதுண்டு. நமக்கு "எங்கள்" வேறு, "நம்" வேறு. எங்கள் ஊர் என்றால் கேட்பவன் அதில் இல்லை. நம் ஊர் என்றால் அவனும் உண்டு. இன்றைக் கன்னடத்தில் அவ்வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் "நம்ம" என்ற ஒரே சொல்தான். என் மருமகன் இதை ஒரு நாள் தானே கண்டுபிடித்து வந்து சொன்னான். இலக்கணம் படித்தவன் நான். ஆயினும் நாற்பது ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவில்லை.

அவன் படிப்பை முடித்து இங்கேயே வேலையில் இருக்கிறான். வேறு வீட்டுக்கும் போய்விட்டான். சென்ற மாதம் இருவரும் அப்பக்கம் போக நேர்ந்தது. மூதாட்டி அதே வாசற்படியில் அமர்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது; யார் வருவது என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அருகே போனதும் அடையாளம் கண்டுகொண்டு, "ஊட்ட ஆயித்தா?" என்றார்.

"ஆயித்து, அஜ்ஜி. நிம்மது?" என்று கேட்டுக்கொண்டே அவன் படியில் உட்கார்ந்தான்.